முப்பத்தேழாம் வாக்கியம்

பத்துப் பேர் ஏறினால்தான் வண்டி கிளம்பும் என்று டிரைவர் ரூபம் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு எதிரே டீக்கடை பெஞ்சில் போய்ச் சாய்ந்துகொண்டு, போனில் எதையோ பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். வண்டியில் இப்போதைக்குச் சொரிமுத்து ஒருத்தன்தான். பின்சீட்டு, ஜன்னலோரம், மடியில் பை, பைக்குள் துண்டில் சுற்றி ரெக்கார்டர். வயிறு நிறைந்திருக்கிறது. சாதாரணமாக இல்லை, மூச்சு விட்டால் மூங்கில் குருத்து மணக்கிறது. காலையிலேயே சோறு, கோழிக்கறி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் கோழிக்கறி. சிவசாகருக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து ஜோர்ஹாட், அங்கே விமானம், திங்கட்கிழமை மைசூர், மொழி ஆய்வு நிலையத்தில் மேலதிகாரி கனகவல்லி மேடத்தின் மேசை. எல்லாம் முடிந்துவிட்டது. அறுபது வாக்கியமும் கிடைத்துவிட்டது. அப்புறம் எதற்கு வயிற்றுக்குள் இந்தப் பிசைவு. அதிகம் தின்றுவிட்டோம், அதுதான், என்று சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது இல்லை என்று தெரிந்தது. நேற்றுச் சாயங்காலம் ஹெட்போனில் கேட்ட சின்னச் சத்தம்தான் அது, அவன் தங்கிய வீட்டுக்காரர், வாக்கியங்களைப் பேசிக்கொடுத்த தீலேஷ்வர் அண்ணன் எச்சில் விழுங்கிய சத்தம். நேரில் கேட்டிருக்காது. ஹெட்போனில் எல்லாம் பெரிதாகக் கேட்கும். ஒரு மனுஷன் ஒரு வார்த்தையைச் சொல்லுமுன் தொண்டைக்குள் அதைக் கீழே தள்ளிப் பார்க்கிறான், அது இறங்க மாட்டேன் என்கிறது, அப்புறம்தான் வாயைத் திறக்கிறான். அது சொரிமுத்துக்கு நன்றாகவே கேட்டது. கேட்டுவிட்டு, ரெக்கார்டர் திரையில் ஒலியளவுப் பச்சைக்கோடு சரியாக ஏறுகிறதா என்று பார்த்தான்.

தான் செய்கிற வேலையை அம்மாவுக்கு அவனால் இன்றுவரை விளக்க முடியவில்லை. ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பேசச் சொல்லிப் பிடித்துக்கொண்டு வருகிறான் என்று நாங்குநேரியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், அதுவும் சரிதான். இந்தத் தடவை கையில் கொடுத்த தாளுக்கு ‘ஏவல், வேண்டுகோள், மரியாதை’ என்று தலைப்பு. எல்லா மொழிக்கும் அதே தாள்தான். கதவைச் சாத்து. தயவுசெய்து கதவைச் சாத்துங்கள். சத்தம் போடாதே. பேருந்தை நிறுத்து. இதைத் தூக்கிக்கொண்டு ஆஹோம் மொழிக்கு வந்திருக்கிறான். அஸ்ஸாமை அறுநூறு வருஷம் ஆண்டவர்களின் மொழி. அவர்கள் பிள்ளைகளே வீட்டில் அதைப் பேசுவதை விட்டு இருநூறு வருஷம் ஆகியிருக்கும், இப்போது எல்லாருக்கும் அஸ்ஸாமியாதான். பழைய மொழி பூசாரி வீட்டு ஏட்டுக்கட்டில் இருக்கிறது, பூசையில் வாய்க்கு வருகிறது, அவ்வளவுதான். அதில் ஒரு தாய் பிள்ளையை இங்கே வாடா என்று கூப்பிட்டு, ஒருத்தன் இன்னொருத்தனைப் போய்யா என்று விரட்டி இருநூறு வருஷம். இன்றைக்கு அந்த மொழியில் யாராவது வா, போ என்றால் கேட்கிறவர் மனுஷர் இல்லை. முதல்நாளே தீலேஷ்வர் பைலுங் இதைச் சொன்னார். நாற்பத்தைந்து வயது, பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவர், பூசைக்குக் கூப்பிட்டால் கையைக் கழுவிக்கொண்டு பூசாரி, பைலுங் என்பதே பூசாரிக் குலத்தின் பெயர். ஒலி மட்டும்தான், படம் இல்லை என்று சொல்லியும் கேட்காமல் தலையைப் படிய வாரி, அவர்கள் ஊர்த் துண்டு கமோசா ஒன்றைப் புதிதாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேருந்தை நிறுத்து என்றதும் வீடு அதிரச் சிரித்தார். எங்க ராஜாக்கள் யானையில போனவங்க பாய்டி, என்றார். பாய்டி என்றால் தம்பி. ஆனாலும் விடவில்லை, ஏட்டில் கண்ட சொற்களைப் பொறுக்கி எடுத்து, யானையை நிறுத்து என்று ஒன்று கட்டிக் கொடுத்தார், கொடுத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு அதைச் சொல்லிக்காட்டினார், அவளும் சிரித்தாள். தன் குரல் மைசூருக்குப் போகிறது என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட மனுஷன் முப்பத்தேழுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

முப்பத்தேழு, விருந்தாளியை வரவேற்பது. வாருங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள். மூன்றே சொல். தனித்தனியா சொல்றேன் பாய்டி, என்றார் தீலேஷ்வர். முதல் சொல் இப்ப, ரெண்டாவது டீ குடிச்சுட்டு, மூணாவது நாளைக்குக் காலையில. ஏன் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, எங்க வீட்டுப் பழக்கம், மத்த பைலுங் வீட்டுல கேட்டா சிரிப்பாங்க, என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஜூனுமணி அக்காவின் வளையல் சத்தம் நின்றது. அதுவும் ஹெட்போனில் கேட்டது. இத்தனையும் கேட்டும் சொரிமுத்து என்ன செய்தான்? தனக்கு நன்றாக வருகிற ஒன்றைச் செய்தான். குரலைத் தணித்தான். முகத்தைக் கீழே போட்டான். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம் அண்ணா. ஒரே ஒரு தடவை, சேர்த்துச் சொன்னீங்கன்னா எனக்குப் பெரிய உதவி. இல்லைன்னாலும் பரவாயில்லை, நான் மேடத்துகிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன். பரவாயில்லை என்ற சொல்லை எந்த இடத்தில் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தீலேஷ்வர் எச்சில் விழுங்கினார். சொன்னார். சொல்லி முடிக்கும்முன் முற்றத்தில் சேவல் கூவியது, பதிவு கெட்டது. மன்னிச்சுக்குங்க அண்ணா, இன்னும் ஒரே தடவை. மறுபடி சேவல். வேறு வாக்கியங்களுக்குப் போய்விட்டு வந்து கேட்டான். மறுபடி சேவல். அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கட்ட முடியுமா அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். பதினோராவது தடவைதான் சுத்தமாக வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வாருங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்றபோது எதிரே பாயில் உட்கார்ந்து இவன்தான் தலையை ஆட்டினான்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. புனாராம் ஏறினார், தீலேஷ்வர் வீட்டுக்கு அடுத்த வீடு, நேற்று வேலிக்கு மேலே தலையை நீட்டி ரெக்கார்டர் என்ன விலை என்று கேட்டவர். சொரிமுத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகத் திரும்பிக்கொண்டார். வெற்றிலைச் சிவப்பு வாய். “என்ன மாஸ்டர், தீலேஷ்வர் வீட்டுல நேத்து பதினோரு பந்தி விருந்தாளியாமே” என்றார். சொரிமுத்து சிரித்துவைத்தான், புரியாதபோது அவன் அப்படித்தான் சிரிப்பான். புனாராம் மேலே சொல்லிக்கொண்டே போனார், சும்மா ஊர்க்கதை சொல்வதுபோல, இவனைக் குத்துவதற்கென்று இல்லை. விடியுமுன்னால் ஜூனுமணி வந்து இவர் மனைவியை எழுப்பிப் பூசைக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு போனதை, அந்த வீட்டில் செத்தவர்களைக் கூப்பிட அந்த மூன்று சொல்லையும் சேர்த்துச் சொல்கிற வழக்கம் தீலேஷ்வரின் தாத்தன் காலத்திலிருந்து இருப்பதை, சொன்னால் வருவார்களா மாட்டார்களா என்பது வேறு விஷயம், ஆனால் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சோறு போடாமல் இருக்க அவனால் முடியாது என்பதை. ஜனவரிப் பூசைக்கென்று வளர்த்த சேவல்தான், வேறு என்ன இருக்கிறது அந்த வீட்டில், ஆறு மாசம் முன்னாடியே, இன்றைக்கு விடியலில் படையலாகப் போய்ச்சேர்ந்துவிட்டது. “வாயாடிச் சேவல். இன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்” என்று சொல்லிச் சிரித்து, ஜன்னல் வழியாகத் துப்பினார்.

காலையில் சேவல் சத்தம் இல்லாததைச் சொரிமுத்து கவனித்தான். கவனித்தான், அதுதான். படுக்கையில் கிடந்தபடி, அடடா, இவ்வளவு அமைதியா, நேற்று இப்படி இருந்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்குமே என்று நினைத்தான். அப்புறம் எழுந்து பல் துலக்கி வந்து உட்கார்ந்தான், இலையில் சோறு வந்தது, கறி வந்தது. அபாரம் அக்கா, எங்க ஊர்ல கூட இப்படி ஒரு கறி சாப்பிட்டதில்ல. அதோடாவது விட்டானா. தொந்தரவு இல்லைன்னா இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டான். அவள் உள்ளே போய், சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டு, ஒரு கால்துண்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் இருவரும் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை. தீலேஷ்வர் தூணில் சாய்ந்து அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் சிவந்து, சிரித்த முகமாக. பம்பு ரிப்பேருக்கு விடியுமுன் போய்வந்தாராக்கும் என்று இவன் நினைத்துக்கொண்டான். யாருக்காகவோ வைத்த சோறு, யாரை வரவழைத்ததற்கோ கொடுத்த ஈடு, வரவழைத்தவனே உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கித் தின்றிருக்கிறான். முகம் சுட்டது. ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ரோட்டில் இரண்டு டீச்சரம்மாக்கள் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்கள், ஏறினார்கள். நான்கு பேர். இன்னும் ஆறு. வண்டி சீக்கிரம் நிறைந்துவிட்டால் நன்றாக இருக்கும், கிளம்பிவிட்டால் இறங்க முடியாது, இறங்க முடியாததால் இறங்கவில்லை என்று ஆகிவிடும், என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு ஓடியதும் ஒரு வெட்கம்.

தெரியாதவன் செய்தால் பிழை. அவனுக்குத் தெரியாதா. சுடலைமாடன் கோயில் கொடை பார்த்து வளர்ந்தவன். காலேஜில் படிக்கிறபோது வெளியூர் சார் ஒருவர் வந்து, சாமி வருகிறதற்கு அடிக்கிற அந்த அடியை மட்டும் போனில் பிடித்துக்கொள்கிறேன், இரண்டு நிமிஷம் அடித்துக்காட்டு என்று மேளக்காரர் பரமசிவத்திடம் கேட்டார். பரமசிவம் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “அடிச்சா அவரு வருவாரு சார். வந்தபொறவு எதுக்குலே கூப்பிட்டேன்னு கேட்டா நீரு பதில் சொல்லுவீரா?” அவ்வளவுதான், சார் போனைப் பைக்குள் போட்டார். சொரிமுத்து பக்கத்தில்தான் நின்றான், பரமசிவம் பேசியது எவ்வளவு நியாயம் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அந்த நியாயம் நேற்று எங்கே போயிற்று. வடக்கே இரண்டாயிரம் மைல் வந்தால் செத்தவர்களுக்குக் காது கேட்காதா. இல்லை, அதுவும் இல்லை. அந்தச் சார் ‘அடித்துக்காட்டு’ என்று சொன்னார். பரமசிவத்தால் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. இவன் அப்படியா கேட்டான்.

கனகவல்லி மேடத்தை நினைத்துக்கொண்டான். அவரோடு வேலைக்குப் போவதென்றால் அவனுக்கு உயிர் போகும். யார், எவர் என்று கிடையாது, ம் சொல்லுங்க, இல்ல இப்படி இல்ல, திருப்பிச் சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க. ஒரு மலைக்கிராமத்தில், புருஷன் செத்து ஒரு வருஷம் ஆன பொம்பளையிடம், ஒப்பாரி தெரியுமாமே, பாடு என்று விட்டார். அந்தம்மா இடுப்பில் கைவைத்து, “முடியாது போ. ஒனக்கு எதுக்கு நான் அழணும்” என்றாள். மேடம் சிரித்துவிட்டு, சரி, டீயாவது போடு என்றார். அவளும் சிரித்துவிட்டுப் போட்டாள், அரைமணி நேரம் இரண்டு பேரும் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள். சொரிமுத்து கூசிப்போய் உட்கார்ந்திருந்தான், எப்படி இந்த மேடம் இப்படி, கொஞ்சம்கூட ஒரு இங்கிதம் இல்லாமல். மறுநாள் தனியாகப் போனான். மேடம் பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறேன் அம்மா என்று ஆரம்பித்தான். உங்க மனசு எனக்குப் புரியுது. ஒரே ஒரு அடி பாடினாக்கூடப் போதும், வேண்டாம்னா வேண்டாம். அவள் பாடினாள். முழுசாகப் பாடினாள், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் மண்ணைக் கீறிக்கொண்டு. டீ ஒன்றும் போடவில்லை. உனக்கு மட்டும் எப்படிப்பா குடுக்கிறாங்க என்று மேடம் மெச்சினார், அவன் அடக்கமாகச் சிரித்தான். அந்த அடக்கமான சிரிப்பு இப்போது ஞாபகம் வந்து முதுகு கூசியது. தங்கை செண்பகம் ஒரு தடவை சொன்னாளே, அவள் சைக்கிளை இவன் கேட்டு வாங்கிக்கொண்டபோது. “அடிச்சுப் பிடுங்கியிருந்தா நான் அம்மாகிட்ட சொல்லியிருப்பேன்லே. இப்படிக் கேட்டு வாங்கிட்டேல்ல, இனி எங்கெ போய்ச் சொல்ல.” அன்றைக்கு அதை வேடிக்கை என்று நினைத்தான். பள்ளிக்கூடத்தில் நல்ல பையன், ஹாஸ்டலில் நல்ல பையன், அதிர்ந்து பேசத் தெரியாது, எவ்வளவு மரியாதை. யாரும் அவனிடம் இல்லை என்று சொன்னதே இல்லை. ஏன் சொன்னதில்லை என்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் யோசித்ததில்லை.

இரண்டு பையன்கள் சிமென்ட் சாக்குகளோடு ஏறினார்கள், ஒரு கிழவர் ஏறினார். ஏழு. ரூபம் பெஞ்சிலிருந்தே தலையைத் தூக்கி எண்ணிவிட்டு மறுபடி படுத்தான். இறங்கித் திரும்பிப் போகலாமா. பத்து நிமிஷ நடை. போய்? மன்னிச்சுடுங்க அண்ணா என்று சொல்லலாம். சொன்னால் அவர் என்ன செய்வார், ஐயோ அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்டி என்பார், உட்கார் என்பார், அவள் அடுப்பைப் பற்ற வைப்பாள், வீட்டில் மிச்சம் இருப்பதைத் தேடுவாள். மன்னிப்பும் அவன் அவர்களிடம் வாங்கப்போகிற இன்னொன்றுதான். சரி, அதை அழித்துவிடவா என்று கேட்கலாம். கேட்டால், வேண்டாம் வேண்டாம், உன் வேலை கெட்டுப்போகும் என்பார், எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்வார், ஆனால் அப்படித்தான் சொல்வார், அவன் கேட்கிற குரலுக்கு வேறு பதிலே கிடையாது. அப்புறம் அவர்கள் சொன்னார்கள் என்று நிம்மதியாகப் போகலாம். ஒரு சேவல் வாங்கிக் கொண்டுபோய் விட்டால்? விருந்தாளி சேவல் கொண்டுவந்தால் அதை அறுத்து விருந்தாளிக்கே போடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் அவன் பாயில் உட்கார்ந்திருக்கிறான், அவர்கள் பரிமாறுகிறார்கள். ஒன்றும் செய்யாமல் போய்விடலாம். ஆகஸ்டில் வேலையை நீட்டிக்க வேண்டுமானால் இந்த அறுபதும் முழுசாக வேண்டும், மேடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். அவர்கள் ஒன்றும் அழிக்கச் சொல்லவில்லையே. புனாராம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் தெரிந்தேயிருக்காது. தெரியாதவன் மாதிரிப் போய்விடலாம், யார் பார்த்தார்கள். யார் பார்த்தார்கள் என்று நினைத்ததும் பையைக் கொஞ்சம் மடியிலிருந்து தள்ளிப் பிடித்தான், உள்ளே பதினோரு தடவை கூப்பிட்ட குரல் இருக்கிறது, பட்டனைத் தொட்டால் பன்னிரண்டு. மைசூரில் எழுத்தில் எடுப்பதற்கு ஒரு வாக்கியத்தை நாற்பது தடவை ஓட்ட வேண்டும். அப்புறம் அவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் ஓட்டுவார்கள். ஏசி அறை, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், வெளிச்சத்தம் வராது, உள்ளே சாப்பிட அனுமதி இல்லை.

“பைதேவ் எங்கே கிளம்பிட்டீங்க, இடம் இருக்கு, ஏறுங்க” என்று புனாராம் யாரிடமோ சொன்னார். அந்த ஊரில் அக்காவுக்குப் பைதேவ். சொரிமுத்து நிமிர்ந்தான். ஜூனுமணி அக்கா வண்டியோரமாக நின்றுகொண்டிருந்தாள், வேகமாக நடந்து வந்த மூச்சு, தலையில் போட்ட துணி தோளுக்கு வழுக்கியிருந்தது, காலெல்லாம் சேறு. தான் ஏறவில்லை என்று தலையாட்டிவிட்டு இவன் ஜன்னலுக்கு வந்தாள். இவன் அவசரமாக இறங்கினான், இறங்கும்போது புனாராம் காலை மிதித்தான். அவள் அவனைக் கொஞ்சம் தள்ளி, வேலியோரம் கூட்டிக்கொண்டு போனாள். எதையாவது விட்டுவிட்டு வந்துவிட்டேனா அக்கா என்று கேட்டான். இல்லை என்றாள். சும்மா ஒன்று கேட்கலாம் என்றுதான், வீட்டுக்காரருக்குத் தெரியாது, அவர் குளத்துப் பக்கம் பம்பு பார்க்கப் போயிருக்கிறார். கேட்பதற்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே. தலைத்துணியை இழுத்துப் போட்டாள், பார்வையை அவன் பையில் வைத்தாள், எடுத்தாள்.

“அங்கே, நீங்க போற இடத்துல, அதைப் போட்டுக் கேப்பீங்க இல்லையா?”

கேட்போம் என்றான்.

“கேக்கும்போது பக்கத்துல ஒரு பிடி சோறு வைக்க முடியுமா. கறி ஒண்ணும் வேண்டாம். வெறும் சோறு. உங்க ஊர்ச் சோறானாலும் சரி. அவ்வளவு தூரம் கூப்பிட்டு வந்து சும்மா நிக்க வைக்கக் கூடாதில்லையா, அதான். முடிஞ்சா மட்டும்.”

முடிஞ்சா மட்டும். அவன் வழக்கமாகப் போடுகிற மாதிரிச் சொல்; அவள் வாயில் அதற்கு அடியில் ஒன்றும் இல்லை, நிஜமாகவே முடிந்தால் மட்டும்தான். வைக்கிறேன் அக்கா, கண்டிப்பா வைக்கிறேன் என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, தணிந்த குரலோடு, நெஞ்சில் கை வைக்கிற பாவனையோடு. நாற்பது தடவைக்கு நாற்பது பிடி. முதல் நாள் வைப்பான். இரண்டாம் நாள் மனசுக்குள் வைப்பான். மூன்றாம் நாள் மறந்துவிடுவான். வாயைத் திறந்தான், தொண்டைக்குள் ஒன்று இறங்க மறுத்தது, தன் எச்சில் சத்தம் தனக்கே கேட்டது.

“வைக்க மாட்டேன் அக்கா” என்றான். “அந்த ரூம்ல சோறு கொண்டுபோக விடமாட்டாங்க. எனக்கப்புறம் யார் யாரோ கேப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவள் கோபப்படவில்லை. அப்படியா என்றாள். வேலியில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள், வீட்டுக் கணக்கில் ஒன்று குறைந்தால் எதை எங்கிருந்து எடுத்து வைப்பது என்று பெண்கள் யோசிக்கிற மாதிரி. சரி விடுங்க, என்றாள். இங்கேயே தினம் ஒரு பிடி எடுத்து வச்சுடறேன். நீங்க எப்ப கேப்பீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும், அதனால தினமும் வச்சுட்டா ஆச்சு. போய்ட்டு வாங்க, வண்டி போயிடும். அதில் ஒரு குத்தல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. தினமும். அவள் சாகிறவரை, அவள் மருமகள் வந்தால் அவளும், மைசூரில் எவனோ ஒருத்தன் ஹெட்போன் மாட்டுவானோ என்று இந்த வீட்டில் ஒரு பிடி சோறு.

பையைத் திறந்தான். துண்டை உதறினான், ரெக்கார்டரை எடுத்தான். முப்பத்தேழை மட்டும் எடுத்துவிட்டால் போதும். திரையில் எண்கள் வந்தன, நூற்று நான்கு கோப்பு, ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் எண்ணும் வாக்கியமும் தாளில் குறித்துவைக்க வேண்டும், அதுதான் வேலை முறை. அவர்கள் பேசும்போது குனிந்து எழுதினால் மரியாதை இல்லை என்று குறிக்காமல் விட்டிருந்தான். ராத்திரி கரண்ட் இல்லை, லேப்டாப்பிலும் ஏற்றவில்லை. எது எந்த வாக்கியம்? பதினொன்றும் வேறு வேறு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. போட்டுக் கேட்டால்தான் தெரியும். இந்த ரோட்டில், சேற்றுக்காலோடு அவள் முன்னால் நிற்க, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, வாருங்கள், உட்காருங்கள். மெமரி அட்டையை மொத்தமாகத் துடைக்கிற இடம் மெனுவில் கடைசியில் இருந்தது. நிச்சயமா என்று கருவி கேட்டது. அழுத்தினான். இரண்டு விநாடிகூட ஆகவில்லை, திரை வெறுமையாக நின்றது. “அக்கா, இனிமே நீங்க வைக்க வேண்டாம்” என்று காட்டினான். “இதுல இப்ப ஒண்ணுமே இல்ல.”

ஜூனுமணி எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. “ஒண்ணுமேன்னா? அந்த மூணும்தானே?” இல்லை அக்கா, எல்லாம். “யானையை நிறுத்துன்னாரே, அது?” அதுவும்தான். “ரெண்டு நாள் பேசினதுமா?” அவன் தலையை ஆட்டினான். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான், அது இப்போதுதான் தெரிந்தது. வரவில்லை. கமோசாவை இன்னும் துவைக்கக்கூட இல்ல, மடிச்சு வச்சிருக்கார், என்று அவனிடம் இல்லை, வேலியிடம் சொன்னாள். அப்புறம் மெதுவாக, “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாய்டி” என்றாள். முதல் தடவையாக அவனைப் பாய்டி என்றாள். சோறுதானே கேட்டேன். நான் அதையா கேட்டேன். ஒரு பிடி வைப்பது எனக்கு என்ன பாரம். இதையெல்லாம் அவள் சொன்னாளா, அவள் நின்ற நிலையில் அவனாகக் கேட்டுக்கொண்டானா, அவனுக்கு உறுதியில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் நிச்சயமாகச் சொன்னாள், இரண்டு தடவை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் தேடினான். இத்தனை வருஷமாகக் கூப்பிடாமலே வந்து நிற்கிற சொற்கள், தயவுசெய்து, தொந்தரவுக்கு, பரவாயில்லை, ஒன்றும் வரவில்லை.

ரூபம் ஹாரனை அடித்தான். எப்போது பத்து ஆனது என்று தெரியவில்லை, சொரிமுத்தின் ஜன்னலோரத்தில் ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தாள், அவன் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது. கழுத்தை வளைத்துப் பார்த்தான். ஜூனுமணி அக்கா வந்த வழியே போய்க்கொண்டிருந்தாள், தலைத்துணியைச் சரிசெய்யாமல், வேகம் இல்லாமல். திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்துக்கொண்டேயிருந்தான், செய்தது தப்போ சரியோ, ஒரு பார்வை. அதையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போகத்தான் காத்திருக்கிறோம் என்று உறைத்ததும் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டான். புனாராம் மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டு, என்ன மாஸ்டர், பைதேவ் கட்டுச்சோறு தரலையா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

போன் அடித்தது. கனகவல்லி மேடம். பக்கத்து டீச்சரம்மாவின் குடை அவன் முழங்காலை நனைத்துக்கொண்டிருந்தது. அட்டை பழுதாகிவிட்டது மேடம் என்று சொல்லலாம், ஈரம் பட்டது, மழைக்காலம், யாருக்கும் வரக்கூடியதுதான், மேடம் திட்டிவிட்டு இன்னொரு தடவை போய் வா என்பார், இன்னொரு தடவை அதே பாயில் போய் உட்காரலாம். மேடம் எடுத்த எடுப்பில், “என்ன, அறுபதும் வந்துச்சா?” என்றார்.

“இல்லை மேடம். அழிச்சுட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும். நான்தான் அழிச்சேன்.”

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, எல்லாரும் எல்லார் மேலும் சாய்ந்தார்கள்.

“யாரைக் கேட்டு அழிச்சே?” என்றார் மேடம்.

கேட்டிருக்க வேண்டியவள் அரைமைல் பின்னால், சேற்றில், வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி போய்க்கொண்டிருக்கிறாள். சொரிமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“யாரையும் கேக்கல மேடம்” என்றான். அப்போதும் அவன் குரல் தணிந்து, பதவிசாகத்தான் இருந்தது.